அப்பத்தாவ பாத்துக்குற அந்தம்மாவுக்கு என்ன சொல்லிக்குடுக்கணும்?

தம்பி, நீங்க கேட்டது சுருக்கமா இதுதானே. கண்டனூர் பக்கம் வீட்ல அப்பத்தா, 88 வயசு, இடுப்பு எலும்பு ஒடஞ்சு எட்டு மாசமா படுக்கை, மறதியும் முத்திப்போச்சு, பெரிய டாக்டரும் "இனி ஆஸ்பத்திரிக்கு அலைய வேணாம், வீட்லயே வச்சு நல்லபடியா பாத்துக்கங்க"ன்னுட்டாரு. நீங்க சிங்கப்பூர்ல, அப்பச்சியும் ஆத்தாவும் (மத்த ஊர்ல அப்பா, அம்மாம்பாங்க) சென்னையில, அவ்வளவு பெரிய வீட்ல அப்பத்தாவும் புதுவயல்லேருந்து வந்து தங்கியிருக்குற ஒரு அம்மாவும் மட்டும். அந்தம்மா நல்லவங்கதான் ஆனா ஒண்ணும் தெரியல, கடைசிக் காலத்துல பாத்துக்குறதுக்கு ட்ரெய்னிங் எங்க கிடைக்கும், என்ன சொல்லித் தருவாங்க, இதெல்லாம் சொல்லிக்குடுத்து வர்ற விஷயமான்னு கேட்டிருக்கீங்க.

வரும். நல்லாவே வரும். நான் 29 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, கேரளா போயி பாலியேட்டிவ் ட்ரெய்னிங் (தீராத நோயில இருக்குறவங்களுக்கு வலியும் அவஸ்தையும் கொறைச்சுப் பாத்துக்குறது) எடுத்துட்டு வந்து இப்ப காரைக்குடி தேவகோட்டை சுத்துவட்டாரத்துல படுக்கையில இருக்குற பெரியவங்க வீட்டுக்குப் போறதும் அங்க வேலைக்கு இருக்குறவங்களுக்கு சொல்லிக்குடுக்குறதுமா ஓடுது. (மத்த ஊர்ல அவங்கள ஆயான்னுடுவாங்க, உங்க வீடுகள்ல ஆயான்னா ஆத்தாவப் பெத்தவங்க, அதனால 'கேட்டேக்கரு'ங்கற வார்த்தை ஆச்சிமார் வாயிலயே ஏறிடுச்சு.) இத்தன வீடு பாத்ததுல நான் கண்டது ஒண்ணுதான், ட்ரெய்னிங் அந்தம்மாவுக்குப் பாதி வேணும், போன்ல இருக்குற பிள்ளைகளுக்குப் பாதி வேணும். கோவப்படாதீங்க, ஏன்னு சொல்றேன்.

மொதல்ல எங்க கிடைக்கும்ங்கறத முடிச்சிட்றேன். டாக்டர், நர்ஸா இருந்தா இந்தியன் அசோசியேஷன் ஆஃப் பாலியேட்டிவ் கேர் நடத்துற சர்டிஃபிகேட் கோர்ஸ் இருக்கு, திருவனந்தபுரத்துல பாலியம் இந்தியா, கோழிக்கோட்டுல இன்ஸ்டிடியூட் ஆஃப் பாலியேட்டிவ் மெடிசின் ரெண்டுலயும் நேர்ல போயி கத்துக்கலாம். கோழிக்கோட்டுல 1993-ல டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் இன்னும் சிலரும் சேந்து ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு கேரளா முழுக்கப் பரவி நிக்குது, அதுல எனக்குப் புடிச்சதே டாக்டர்மார் இல்ல, கடைக்காரர், ஆட்டோ ஓட்டுறவர், வாத்தியார், வீட்ல இருக்குற பொம்பளைங்கன்னு சாதாரண ஜனங்கள வாலண்டியரா ட்ரெய்ன் பண்ணி அவங்கவங்க தெருவுலயே ஒரு வட்டம் போட்டாங்க பாருங்க, அதுதான். நம்ம பக்கம் ஹோம் ஹெல்த் எய்ட்னு கோர்ஸ் இருக்கு, அதுல பிபி பாக்குறது, டயப்பர் மாத்துறது, பெட்ல வச்சே குளிப்பாட்டுறது எல்லாம் நல்லா சொல்லித் தர்றாங்க, ஆனா அந்தக் கோர்ஸ் முடிச்சுட்டு வர்ற புள்ளைங்கள நான் பாத்த வரைக்கும் சாகப்போற ஒருத்தர்கிட்ட எப்புடி இருக்கணும்ங்கறது ஒண்ணுமே தெரியாமத்தான் வருதுங்க. 2021 ஆகஸ்ட் 5-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பாலியேட்டிவ் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வர்றாங்க, காசு கிடையாது. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல அப்பத்தா பேரைப் பதிஞ்சு வைக்கச் சொல்லுங்க. பெரிய வீடு, கார் இருக்குன்னு நீங்களே கூச்சப்பட்டுக்கிட்டு விட்றாதீங்க, நெறைய செட்டியார் வீடுகள்ல இதான் நடக்குது.

ஆனா எதார்த்தமா பாத்தா அந்தம்மா அப்பத்தாவ விட்டுட்டு எந்த ஊருக்கும் கோர்ஸுக்குப் போக முடியாது. அதனால அந்தக் கட்டிலத்தான் கிளாஸ்ரூம் ஆக்கணும். நான் பண்றது என்னன்னா மூணு காலையில, ரெண்டு ரெண்டு மணி நேரம், அப்புறம் ஒரு ராத்திரி கூடவே இருப்பேன். ராத்திரிதான் முக்கியம், பகல்ல எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும்.

மொத நாள் கட்டில் எங்க கெடக்குன்னு பாப்பேன். உங்க வீடுகள்ல ஒரு தப்பு திரும்பத் திரும்ப நடக்குது, வளவு, அதான் முற்றத்தச் சுத்தின கட்டு, அதோட ஓரத்துல இருக்குற ரூமுக்குள்ள கொண்டுபோயி படுக்க வச்சிருவாங்க. அது சீர் சாமானும் பெட்டகமும் வைக்கக் கட்டின ரூமு தம்பி, மனுசன் மாசக்கணக்குல படுக்கவா? ஜன்னல் சின்னது, பகல்லயே லைட் போடணும், மறதி இருக்குறவங்களுக்கு பகலா ராத்திரியான்னே தெரியாமப் போயிடும், அதுலயே பாதி கொழப்பம் ஏறும். கட்டில முற்றத்த ஒட்டி தாழ்வாரத்துக்கு மாத்துங்க, வெளிச்சமும் காத்தும் வரும், கதவு தெறக்குற சத்தம், பால்காரர் கொரல், முற்றத்துல வந்து உக்கார்ற குருவி எல்லாம் அவங்களுக்கு இன்னும் வீடுதான். பாத்ரூம் மூணாங்கட்டு தாண்டிக் கெடக்கும், ஒவ்வொரு கட்டுக்கும் நெலப்படி இருக்கும், வீல்சேர் ஏறாது, அதனால கமோட் சேர் கட்டில் பக்கத்துலயே. ஆத்தங்குடிக் கல்லு ஈரமானா எப்புடி வழுக்கும்னு உங்களுக்குத் தெரியும், அந்தம்மா விழுந்துட்டாங்கன்னா வீட்ல ரெண்டு நோயாளி ஆயிடும், கால்ல ரப்பர் செருப்பு போடாம நடக்கவே கூடாதுன்னுடுவேன்.

அப்புறம் பொரட்டிப் படுக்க வைக்கிறது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு எல்லா புத்தகத்துலயும் போட்டிருக்கும், ஆனா எப்புடின்னு ஒருத்தரும் கையப் புடிச்சுக் காட்டுறதில்ல, அதனால நம்மாளுங்க கைய அக்குளுக்குள்ள குடுத்து மேல இழுப்பாங்க, அப்ப இடுப்புக்குக் கீழ தோலு மெத்தையில உராயும், வயசானவங்க தோலு வெங்காயத் தோலு மாதிரி, அங்கயே பிஞ்சுடும். நாலா மடிச்ச பழைய காட்டன் வேட்டிய தோளுலேருந்து தொடை வரைக்கும் அடியில விரிச்சு வச்சிட்டா, அந்த வேட்டிய ரெண்டு பக்கமும் புடிச்சு ஒரு ஆளே ஆள நகத்திடலாம். முழுசா சைடுல திருப்ப வேணாம், முதுகுக்குப் பின்னாடி தலகாணி வச்சு லேசா சாய்ஞ்ச மாதிரி இருந்தா போதும், இல்லாட்டி இடுப்பெலும்பு குத்தும். கெண்டைக்கால் அடியில ஒரு தலகாணி குடுத்து குதிகால் மெத்தைல படாம தொங்க விடணும். செவந்த இடத்த வெரலால அழுத்திட்டு எடுங்க, வெளுத்து திரும்பச் செவந்தா பரவால்ல, வெளுக்கவே இல்லன்னா புண்ணு ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். நம்மாளுங்க நெறத்துக்கு செவப்பு தெரியாது, அதனால தொட்டுப் பாக்கணும், சூடா இருக்கா, கெட்டியா இருக்கான்னு. அந்த இடத்துல எண்ணெய் போட்டு அரக்கித் தேய்க்கிறது, மஞ்சப்பொடி கொட்டுறது, நடுவுல ஓட்டையான ரப்பர் ரிங் வைக்கிறது மூணும் கூடாது. ஏர் பெட் வாங்குங்க, ஆனா ஏர் பெட் போட்டாச்சுல்லன்னு பொரட்டாம விட்ற வீடுகளத்தான் நான் அதிகமா பாக்குறேன்.

வலி. இதுலதான் உண்மையான பயிற்சி இருக்கு. பேச முடியுறவங்ககிட்ட ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எத்தனைன்னு கேளுன்னு பாடத்துல சொல்லுவாங்க, நம்ம ஆச்சிமாருக்கு அது ஒத்து வராது, நான் பதினாறு அணா ஒரு ரூபாய்ங்கற பழைய கணக்குல கேப்பேன், "வலி ஒரு ரூபாய்னா இப்ப எத்தனை அணா இருக்கு ஆச்சி?"ன்னு. பள்ளத்தூர்ல ஒரு ஆச்சி, கேன்சர் எலும்புக்குப் போயிருச்சு, கண்ண மூடிக்கிட்டே "பதினாறணா போச்சு, வட்டியும் சேந்துருச்சு"ன்னாங்க. மார்ஃபின் ஆரம்பிச்சு ரெண்டு நாள் கழிச்சுப் போனேன், "நாலணா நிக்கிது, அது நிக்கட்டும்"னாங்க. கணக்குல தப்பே பண்ண மாட்டாங்க.

பேச முடியாத உங்க அப்பத்தா மாதிரி ஆளுங்களுக்கு மொகத்தையும் ஒடம்பையும்தான் படிக்கணும். இதுக்கு பெயினாட்னு ஒரு அளவுகோல் இருக்கு, மூச்சு எப்புடி இருக்கு, மொனகுறாங்களா, மொகம் சுளிக்கிதா, ஒடம்பு வெறைச்சுக்கிதா, தடவிக்குடுத்தா அடங்குறாங்களான்னு அஞ்சு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2 மார்க், மொத்தம் பத்து. எழுதப் படிக்கத் தெரிஞ்சா அரை மணி நேரத்துல கத்துக்கலாம், தெரியாட்டாலும் அந்தம்மா கண்ணுக்கு இது ஏற்கனவே தெரியும், 'பொரட்டும்போது மட்டும் பல்லக் கடிக்கிறாங்க'ன்னு அவங்க சொன்னா டாக்டர் அத வச்சே மருந்த மாத்தலாம். அதக் கேட்டு ஒரு நோட்டுல ஏத்த ஒரு ஆளு வேணும், அம்புட்டுதான்.

மார்ஃபின்னு சொன்னதும் உங்க அப்பச்சி பயப்படுவாரு, போதை மருந்தாச்சேம்பாரு, எல்லாரும் அப்புடித்தான். 1985-ல போதைப்பொருள் சட்டம் வந்தப்புறம் லைசன்சுக்குப் பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரிகளே வாங்காம விட்டு, கேன்சர் வலியில ஜனங்க துடிச்சதெல்லாம் நடந்திருக்கு, 2014-ல சட்டத்தத் திருத்தி கொஞ்சம் லேசாக்கினாங்க. வலிக்கு அளவாக் குடுக்குற மார்ஃபின் ஆளக் கொல்லாது, அடிமையும் ஆக்காது. ஆனா மலச்சிக்கல கண்டிப்பா குடுக்கும், அதனால கூடவே பேதி மாத்திர எழுதாம மார்ஃபின் மட்டும் எழுதினாங்கன்னா உடனே கேளுங்க. அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரியில மட்டுந்தான் கிடைக்கும், எல்லா மெடிக்கல் ஷாப்புலயும் இருக்காது, ஸ்டாக் தீர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே போயி வாங்கிடணும்.

எல்லா வலிக்கும் மாத்திரையும் கிடையாது. லண்டன்ல 1967-ல செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ்னு ஹாஸ்பிஸ் (கடைசிக் காலத்துல இருக்குறவங்கள வச்சுப் பாத்துக்குற இடம்) ஆரம்பிச்ச சிசிலி சாண்டர்ஸ், அந்தம்மா மொதல்ல நர்ஸு, அப்புறம் சோஷியல் வொர்க்கர், அப்புறம் டாக்டருக்கே படிச்சாங்க, அவங்க சொன்னது ஒடம்பு, மனசு, குடும்பம், சாமி எல்லா வலியும் சேந்து ஒரே வலியாத்தான் வரும், பிரிக்க முடியாதுன்னு. இத நான் படிச்சப்ப புரியல, தேவகோட்டையில ஒரு வீட்ல புரிஞ்சுது. ஆச்சிக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, கை இடுப்பத் தடவிக்கிட்டே இருக்கு, சேலையப் புடிச்சு இழுக்குறாங்க, கத்துறாங்க. இப்புடி இருந்தா மொதல்ல பாக்க வேண்டியது மூத்திரம் அடைச்சிருக்கா, மலம் இறுகியிருக்கா, வலியா, காய்ச்சலா, எல்லாம் பாத்தேன், ஒண்ணுமில்ல. தூக்க மாத்திர வேணும்னு வீட்ல நிக்கிறாங்க. அங்க வேலைக்கு இருந்த புள்ளதான், பத்தொம்பது வயசு இருக்கும், மெதுவா வந்து "சிஸ்டர், சாவிக்கொத்த எடுத்துட்டாங்க, அன்னிலேருந்துதான்"னுச்சு. அறுபது வருஷமா இடுப்புல கெடந்த சாவி, பாதுகாப்புக்குன்னு மக கழட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. உருப்படாத பூட்டுச் சாவி ஏழெட்ட கொத்தாக் கட்டி இடுப்புல சொருகிவிட்டோம். அன்னிக்கு ராத்திரி ஆச்சி கைய அது மேல வச்சுக்கிட்டு தூங்கினாங்க.

இன்னொரு வீட்ல ஐயா ஒருத்தர், சின்ன வயசுல பர்மாவுல பெட்டியடிப் பையனா, அதான் வட்டிக்கடையில எடுபிடியா, இருந்தவரு, கடைசி மாசத்துல தமிழ் கொறஞ்சு போயி "யே... யே..."ன்னு மொனகிக்கிட்டே இருப்பாரு, வலின்னு நெனச்சு ஊசி போட்டுக்கிட்டு இருந்தாங்க. பக்கத்து வீட்டுப் பெரியவரு, அவரும் ரங்கூன் போயி வந்தவரு, கேட்டுட்டு "அட, தண்ணி கேக்குறாருய்யா"ன்னாரு. பர்மாக்காரங்க பாசையில தண்ணிக்கு யேன்னுதான் சொல்லுவாங்களாம். மறதி முத்த முத்த பின்னாடி கத்துக்கிட்டதெல்லாம் உதிர்ந்து சின்ன வயசுதான் மேல வந்து நிக்கும், சில பேருக்கு பாசையே மாறிடும். அதனால உங்க அப்பத்தா பொறந்த வீடு எந்த ஊரு, அவங்களச் சின்னதுல என்னன்னு கூப்புடுவாங்க, எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போவாங்க, காலையில காபியா டீயா, எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி அந்தம்மாகிட்ட குடுங்க. இத நீங்க சிங்கப்பூர்லேருந்தே இன்னிக்கே செய்யலாம், இதுக்கு எந்த கோர்ஸும் வேணாம்.

சாப்பாடு விஷயத்துல நானே தப்பு பண்ணினவதான், மறைக்க மாட்டேன். வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு தாத்தா வாயத் தொறக்கவே மாட்டேன்னாரு, நான் தாடையப் புடிச்சு கஞ்சிய ஊத்தினேன், பொறையேறி நுரையீரலுக்குப் போயி ரெண்டாம் நாளு காய்ச்சல், அஞ்சாம் நாளு போயிட்டாரு. யாரும் என்னைத் திட்டல, 'பாவம் நர்ஸு எவ்வளவோ ஊட்டிப் பாத்துச்சு'ன்னாங்க, அதுதான் இன்னும் உறுத்துது. சாப்புடாததால சாகுறதில்ல தம்பி, ஒடம்பு முடிச்சுக்கப் போறதால சாப்பாடு வேணாங்குது. இந்த ஒரு வரிய குடும்பத்துக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டத் தண்ணி வத்திடும். முடியுறவரைக்கும் நல்லா நிமித்தி உக்கார வச்சு, மோவாய லேசா கீழ இறக்கி, டீஸ்பூன்ல, முழுங்கினத தொண்டையில பாத்துட்டு அடுத்த வாய். வெள்ளப்பணியாரம் கேட்டா பால்ல ஊறவச்சு ஒரு விள்ளல் குடுங்க, சுகருன்னு இப்ப கணக்குப் பாக்காதீங்க. மூக்குல டியூப் போட்டுடலாமான்னு யாராச்சும் கேப்பாங்க, மறதி நோய் முத்தினவங்களுக்கு டியூப் போட்டா ஆயுசும் கூடாது, பொறையேறுறதும் நிக்காது, அவங்க அதப் புடுங்கிப் புடுங்கி எறிய கையக் கட்டிப்போடுற நெலமதான் வரும். டிரிப்ஸும் அப்புடித்தான், கடைசி நாள்கள்ல ஏத்துற தண்ணி கால்லயும் நெஞ்சுலயும்தான் போயி தேங்கும். வாய் காயாம பாத்துக்குறதுதான் வேலை, வெரல்ல கட்டின துணிய உப்புத் தண்ணியில நனச்சு ஈறு, நாக்கு, கன்னத்து உள்பக்கம் தொடச்சுவிட்டு ஒதட்டுல தேங்காண்ணெய் தொட்டு வைக்கணும், முழிச்சிருக்கும்போதெல்லாம் மணிக்கு ஒரு தடவ.

இங்கதான் பால் ஊத்துற பிரச்சனை வரும். இழுத்துக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சதும் பங்காளி வீடு, சம்பந்தி வீடுன்னு எல்லாரும் வந்து ஆளுக்கு ஒரு பாலாடை (கொழந்தைக்கு ஊத்துற சங்கு) பால் ஊத்துவாங்க, உசுரு போக மாட்டேங்குதுன்னா மண்ணாசையா இருக்கும்னு மண்ணக் கரைச்சு, பொன்னாசைன்னு மோதிரத்த ஒரசி ஊத்துறதெல்லாம் நானே பாத்திருக்கேன். நெனவில்லாதவங்க வாயில ஊத்துனா அவங்க முழுங்க மாட்டாங்க, மூச்சுக்கொழாயில போயி தெணறும். ஆனா அங்க நின்னுக்கிட்டு 'ஊத்தாதீங்க, மூடநம்பிக்கை'ன்னு ஒரு புள்ள சொன்னா அடுத்த நாள் அதுக்கு வேல இருக்காது, அதுவுமில்லாம அந்தப் பால் அவங்க சொல்ல முடியாத ஏதோ ஒண்ணு. நான் சொல்லித் தர்றது, பாலாடைய முன்னாடியே எடுத்து உள்ள வச்சிட்டு ஒரு சின்னக் கிண்ணத்துல பாலும் பஞ்சும் வை. வர்றவங்க கையில பஞ்சக் குடு, "ஒதட்டுல தொட்டு வைங்க, அவங்களுக்குப் போய்ச் சேரும்"னு சொல்லு. போன மார்கழியில கோட்டையூர்ல ஒரு வீட்ல பதினோரு பேரு வரிசையா தொட்டு வச்சாங்க. கடைசிப் பேரன் தொட்டப்ப அந்த ஆச்சி நாக்கு நுனி லேசா வெளிய வந்து ஒதட்ட நக்குச்சு. ஒருத்தரும் பேசல.

கடைசி நாள்கள் எப்புடி இருக்கும்னு முன்கூட்டியே சொல்லி வச்சிடணும், அந்தம்மாவுக்கும் உங்களுக்கும். தூக்கம் கூடிக்கிட்டே போகும், மூத்திரம் கொறஞ்சு கருத்துப்போகும், கை கால் சில்லுன்னு ஆயி முட்டிப் பக்கம் திட்டுத் திட்டா நீலமா தெரியும், மூச்சு வேகமா போயி அப்புடியே நின்னு, முடிஞ்சிருச்சோன்னு நெனைக்கிறப்ப திரும்பவும் வரும். தொண்டையில கொரகொரன்னு சத்தம் வரும், கேக்குறவங்களுக்குத்தான் அது கொடும, அவங்களுக்கு அப்ப அது தெரியுறதில்ல, சைடுல திருப்பிப் போட்டா பாதி கொறஞ்சிடும், டாக்டர் சொன்னா அதுக்கு ஊசி இருக்கு, சளி உறிஞ்சுற மெஷின தொண்டைக்குள்ள விட்டு நோண்ட வேணாம். காது கடைசி வரைக்கும் கேக்கும்னு வச்சுக்கிட்டே பேசுங்க, தலமாட்டுல நின்னு பங்கு பிரிக்கிற பேச்சு வேணாம்.

இப்ப உங்க பாதிக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வீடு, ஊரு வேணாம். ஆச்சிக்கு 91. எல்லாம் சொல்லிக்குடுத்து, எல்லாம் தயாரா இருந்து, அந்த கேர்டேக்கர் அவ்வளவு அழகா பாத்துக்கிட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு மாறுச்சு, வாட்ஸ்அப்ல வீடியோ கால் போட்டாங்க, மலேசியாவுல இருந்த மகன் அந்த கொரகொர சத்தத்தக் கேட்டதும் "சும்மா பாத்துக்கிட்டா இருக்க, ஆம்புலன்ஸக் கூப்புடு"ன்னு கத்திட்டாரு. கேர்டேக்கரால என்ன பண்ண முடியும், சம்பளம் குடுக்குறவரு சொல்றாரு. மதுரைக்குக் கெளம்பி, திருப்பத்தூர் தாண்டி மேலூர் வர்றதுக்குள்ள ஆம்புலன்ஸ்ல உசுரு போயிருச்சு, நெஞ்ச அமுக்கி, வெலா எலும்பு ஒடஞ்சு, ரோட்டோரத்துல. அந்த மகன் கெட்டவரு இல்ல. அவருக்கு அந்தச் சத்தம் என்னன்னு யாருமே சொல்லல, நான் அவருகிட்ட ஒரு தடவகூட பேசல. அதுலேருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளோட ஒரு மணி நேரம் பேசாம நான் எந்த வீட்டையும் எடுத்துக்குறதில்ல.

அதனால இப்பவே முடிவெடுக்குறது ஒரே ஆளுன்னு வைங்க, அப்பச்சியோ அயித்தையோ, யாராச்சும் ஒருத்தர். ஒரு பக்கம் எழுதி செவுத்துல ஒட்டுங்க, மூச்சு மாறினா யாருக்குப் போன், எந்த மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போறதில்லன்னு. விழுந்து ரத்தம் வந்தா, வலி அடங்கவே இல்லன்னா போகலாம், அதையும் எழுதுங்க. லிவிங் வில்னு கேள்விப்பட்டிருப்பீங்க, கடைசி நேரத்துல எந்த வைத்தியம் வேணும், எது வேணாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கிறது, சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச் 9-ல அனுமதிச்சது, 2023 ஜனவரியில நோட்டரி இல்ல கெசட்டட் ஆபீசர் முன்னாடி ரெண்டு சாட்சியோட எழுதினா போதும்னு லேசாக்கினாங்க. ஆனா அத சுயநெனவோட இருக்குறவங்கதான் எழுதணும், அப்பத்தாவுக்குக் காலம் கடந்துபோச்சு. அப்பச்சி எழுதலாம். கேக்கச் சங்கடமாத்தான் இருக்கும், ஆனா அப்பத்தா கட்டில் பக்கத்துல உக்காந்திருக்கும்போது அவரே அந்தப் பேச்ச எடுத்தாலும் எடுப்பாரு.

இன்னொண்ணு, உள்ளூர் டாக்டர் ஒருத்தர் மாசம் ஒரு தடவயாச்சும் வந்து பாத்துட்டுப் போற மாதிரி வச்சுக்கங்க. வீட்ல போனா இறப்புக்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட அவரு வேணும், 21 நாளுக்குள்ள பதியணும், அதுவரைக்கும் பாக்காத டாக்டர் விடிகாலையில வந்து கையெழுத்துப் போட மாட்டாரு. வயசாயி நோயில வீட்ல போறதுக்கு போலீசெல்லாம் தேவையில்ல. உங்களுக்கு ஃபிளைட் கிடைச்சு வர்ற வரைக்கும் ஐஸ் பெட்டி எங்க கிடைக்கும்ங்கறதையும் அப்பச்சி இப்பவே விசாரிச்சு வச்சுக்கட்டும், அந்தம்மா தலையில கட்டாதீங்க.

ஒண்ணு சொல்லணுமா வேணாமான்னு யோசிச்சேன், சொல்லிட்றேன். தெக்கத்திப் பக்கம் தலைக்கூத்தல்னு ஒண்ணு நடந்ததக் கேள்விப்பட்டிருப்பீங்க, முடியாத பெரியவங்கள வீட்ல உள்ளவங்களே அனுப்பி வைக்கிறது. சில பேரு நான் சொல்றதையும் அதையும் ஒண்ணாப் போட்டுப் பேசுவாங்க, "டிரிப்ஸ் வேணாம், டியூப் வேணாம்னா அதானே"ன்னு. அது வேற, இது வேற. இங்க நாம யாரையும் அனுப்பல, அவங்க போறப்ப வழியில முள்ளு கெடந்தா பொறுக்குறோம், அவ்வளவுதான். உங்க அயித்தை கேட்டா இதையே சொல்லுங்க.

அந்தம்மாகிட்ட கடைசியா எப்ப ஒரு ராத்திரி முழுசா தூங்கினாங்கன்னு இன்னிக்கு போன்ல கேளுங்க. எட்டு மாசமா ராத்திரி பகலா ஒரே ஆளுன்னு எழுதியிருக்கீங்க, அப்ப ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பொரட்டுன்னு நான் என்னத்தச் சொல்றது? ராத்திரிக்கு இன்னொரு ஆளு போடுங்க, வாரத்துல ஒரு நாள் புதுவயலுக்குப் போயி பேரப்புள்ளைகளப் பாத்துட்டு வர விடுங்க, சம்பளம் புடிக்காம. அப்பத்தா போனப்புறம் பதினாறாம் நாளு முடிஞ்ச கையோட கணக்க முடிச்சு அனுப்பிடாதீங்க, அவங்களுக்கும் ஒரு ஆளு போயிருக்கு.

வியாழக்கிழம காலையில நான் கண்டனூர் பக்கம்தான் வர்றேன், பத்து மணிக்கு மேல வீட்டுக்கு வர்றேன்னு அந்தம்மாகிட்ட சொல்லி வைங்க. நாலு பழைய காட்டன் வேட்டி, தலகாணி அஞ்சு, ஒரு நோட்டு, பேனா எடுத்து வைக்கச் சொல்லுங்க. அப்பச்சி, அயித்தை, நீங்க மூணு பேரும் அன்னிக்கு ஒரே கால்ல லைன்ல இருக்கணும், கேமராவ ஆன்ல வச்சுக்கங்க, வேட்டிய எப்புடிப் போட்டு நகத்துறதுன்னு நீங்களும் பாக்கணும்.